சத்தியத்துக்கு மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருவண்ணாமலையில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, அங்கே போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மாலை போட்டிருந்த 48 நாளும் தொடவில்லை, கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த விரதம் பொய்யில்லை, தம்பி. அந்த நாட்களில் உங்களுக்கு ஒரு குருசாமி இருந்தார். விடியற்காலைக் குளியலும் சாயங்கால பஜனையும் இருந்தன. எதிரில் வந்தவரெல்லாம் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் போயிற்று. சூடம் அடித்துச் சத்தியம் செய்பவர்களுக்கும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களுக்கும் இதே கதிதான். மறுநாள் பேச ஆள் இருக்காது. நீங்கள் தேடுகிற கூட்டம் அந்த மறுநாளுக்காகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது என்கிறீர்கள். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, எதிரில் நிற்பது யாரென்றே புரியாமல் போகலாம். உயிர் போனவர்களும் உண்டு. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போங்கள். நடுக்கம் அடங்க மாத்திரையும் தயமின் ஊசியும் தருவார்கள். ‘அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம்’ என்று குடியை நிறுத்தும் பொடிக்குச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை வீட்டில் யாரும் நம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடியில் டைசல்பிரம் என்ற மருந்து இருந்து, அதன்மேல் நீங்கள் குடித்தால், ரத்த அழுத்தம் இறங்கி ஆளே சாய்ந்துவிடலாம். ஆளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கும் ‘மறுவாழ்வு இல்லம்’ பக்கமும் போக வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

கூட்டத்துக்கு வழியும் அந்த மனநலப் பிரிவிலேயே ஆரம்பிக்கிறது. நீங்கள் தேடுகிற கூட்டத்துக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்று பெயர். டாக்டரிடமோ நர்ஸிடமோ ‘ஏ.ஏ. கூட்டம்’ என்று கேளுங்கள், அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. அங்கே கேட்டாலும் வழி சொல்வார்கள்.

பக்கத்தில் கூட்டம் அமையாவிட்டால் என்ன செய்வது? முதல் கூட்டமே அப்படி ஓர் ஊரில்தான் உண்டாயிற்று. 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் அமெரிக்காவிலேயே உள்ள ஆக்ரன் நகருக்கு வியாபாரம் பேச வந்தார். காரியம் கெட்டது. அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தங்கியிருந்த ஓட்டலில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். டெலிபோன் பக்கம் போனார். சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு, தன்னைப் போல இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்டார். கடைசியில் கிடைத்தவர் அந்த ஊர் சர்ஜன் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்துவிட்டார். ஜூன் 10ஆம் தேதி அவர் கடைசியாகக் குடித்தார். ஏ.ஏ. அதைத்தான் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பில் போன் போட்டது தான் அன்று குடித்துவிடாமல் இருக்க. இரண்டு பேர் சேர்ந்தால் கூட்டம்தான், தம்பி. மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது உங்களைப் போலவே கை நடுங்குகிற ஒருவர் பக்கத்தில் இருப்பார்.

ஊருக்குத் தெரியுமா? தேரடி வீதியில் தும்மினால் பஸ் ஸ்டாண்டில் ‘நூறு ஆயுசு’ என்கிற ஊர்தான். ஆனால் டாஸ்மாக் வாசலில் நீங்கள் நின்றதை ஊர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கூட்டத்தில் பதிவேடு கிடையாது, முழுப் பெயர் கேட்பதில்லை, கட்டணமில்லை. ஒருவர் தன் பெயரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். உங்களுக்குப் பேச வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று யாரும் எழுதி வாங்கமாட்டார்கள், இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும். சர்ச் கூடத்தில் நடந்தால் தயங்காதீர்கள். கடவுளைப் பற்றிப் பேச்சு வரும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள். அண்ணாமலையாரோடேயே போகலாம்.

இதற்குமேலும் கூச்சமாக இருந்தால், வேலூருக்குப் போங்கள். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. பௌர்ணமிக்கு மட்டும் கிளம்பிவிடாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் திரும்பி வர பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

கடிதத்தின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ உங்கள் வீட்டம்மா எழுதியது என்று நினைக்கிறேன். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. 1951இல் பில்லின் மனைவி லோயிஸ் தொடங்கியது. நீங்கள் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அவர் அங்கே போகலாம். 14446 என்ற எண்ணை அவரிடமும் கொடுத்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்