வீட்டு மரங்களைக் கவாத்து செய்தல்: தவறான வெட்டினால் விளையும் அபாயங்கள்

கொள்ளேகாலத்திலிருந்து மலை மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஹனூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, பின்னர் மைசூர் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டு, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. வேம்பு, புங்கு, புளி, முருங்கை, மா, தென்னை ஆகியவை இங்குள்ள வீட்டு மனைகளில் பெரிதும் காணப்படும் மரங்களாம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழைக்கு முன்னோடியாகப் பலத்த காற்று வீசுகிறது. கிளை முறிந்து கூரைமேல் விழுமோ என்னும் அச்சத்தால் வீட்டுக்காரர் மரத்தின் தலையை வெட்டிவிடுகிறார். வேறு சிலர் ஆட்டுத் தீவனத்திற்காகவும், வயலுக்குத் தழையுரமாகவும் கிளைகளைக் கழிக்கின்றனர். இச்செயல்கள் அனைத்தும் தீங்கானவை அல்ல. ஆயினும், எங்கு, எவ்வளவு, எவ்வாறு வெட்டுவது என்பதை அறியாமல் செய்யப்படும் கவாத்து, எந்த அபாயத்தை நீக்கக் கருதினோமோ அதனையே சில ஆண்டுகளில் பெருக்கிவிடும். அதன் காரணங்களை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மல்பெரிச் செடியிலிருந்து எழும் தவறான முடிவு

கொள்ளேகால் வட்டாரம் பட்டுத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. மல்பெரிச் செடி ஆண்டில் பலமுறை அடியோடு வெட்டப்பட்டும் மீண்டும் செழித்துத் தழைப்பதை உழவர் கண்கூடாகக் காண்கின்றனர். ஆதலின், “வெட்ட வெட்டத்தான் மரம் தழைக்கும்” என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது.

இவ்வொப்புமை பொருந்தாது. மல்பெரியில் வெட்டப்படுபவை விரல் பருமனுள்ள இளங்கிளைகள். அவை கனத்த கிளைகளாக முதிருமுன்னரே அறுவடையாகிவிடுகின்றன. செடியும் ஆளுயரத்திற்கு மேல் ஓங்க விடப்படுவதில்லை. முப்பது ஆண்டு வளர்ந்த வேம்பில் தொடையளவு கிளையை வெட்டினால் உண்டாகும் காயம் மிகப் பெரியது. அதன்மேல் எழும் தளிர்களோ அறுவடை செய்யப்படாமல் வீட்டின் மேலேயே பெருங்கிளைகளாக வளர்கின்றன.

2. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைக்கிறது

மனிதர் உடலில் காயம்பட்ட இடத்தில் புதிய திசு தோன்றி ஆறுகிறது. மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. காயமுற்ற கட்டை மீண்டும் புத்துயிர் பெறாது. மரம் அக்கட்டையைச் சுற்றி இரசாயனப் பொருள்களால் தடுப்புச் சுவர்களை எழுப்பி, அழுகல் பரவாதவாறு அதனைத் தனிமைப்படுத்துகிறது. பின்னர் வெளிப்புறத்தில் புதிய கட்டையை வளர்த்து மூடுகிறது. அமெரிக்க வனத்துறையைச் சார்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, இவ்வுண்மையை 1977இல் வெளியான நூலொன்றில் விளக்கினார்.

இதிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன.

முதலாவது: கிளை அடிமரத்துடன் சேருமிடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று உண்டு. அதனைக் கழுத்து மேடு எனலாம். தடுப்புச் சுவர் எழுப்பும் ஆற்றல் அவ்விடத்திலேயே மிகுதி. கழுத்து மேட்டையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் அத்தடுப்பு அழிந்து, அழுகல் அடிமரத்துள் புகும். மாறாக, ஒரு முழம் கட்டையை நீட்டி விட்டால், அது பட்டுப்போய்ப் பூஞ்சணங்களுக்கும் கரையானுக்கும் வழியாகும். ஆகவே மேட்டை விட்டு, அதன் வெளி விளிம்பில் வெட்டுதலே முறையாகும்.

இரண்டாவது: வெட்டுவாயில் தார், வர்ணம், சாணம் முதலியவற்றைப் பூசுவதால் உள்ளே அழுகல் தடைப்படுவதில்லை. சிலவேளை அப்பூச்சு ஈரத்தைத் தேக்கித் தீமையும் செய்யும். குறிப்பிட்ட பழமரங்களில் குறிப்பிட்ட நோய்களுக்காகத் தோட்டக்கலைத் துறை பரிந்துரைக்கும் போர்டோ பசை இதற்கு வேறானது. அதுவும் தவறான வெட்டைத் திருத்திவிடாது.

3. தலையை வெட்டுவதால் விளையும் கேடு

இலைகளே மரத்தின் உணவுச்சாலை. தலை முழுவதும் நீங்கியவுடன், மரம் சேமித்து வைத்த மாப்பொருளைச் செலவிட்டு, பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து எண்ணற்ற தளிர்களை விரைந்து விடுகிறது. வீட்டுக்காரர் இதனைச் செழிப்பெனக் கருதி மகிழ்கிறார். உண்மையில் இது மரத்தின் நெருக்கடி நிலையாகும்.

இயல்பாக வளர்ந்த கிளையின் அடி, ஆண்டுதோறும் தோன்றும் கட்டை வளையங்களால் அடிமரத்துள் பொதியப்பட்டுச் சுவரில் பதித்த உத்தரம்போல் உறுதி பெற்றிருக்கும். வெட்டுவாயில் எழும் தளிரோ வெளி வளையங்களை மட்டுமே பற்றி நிற்கிறது. சில ஆண்டுகளில் அது பல ஆள் உயரம் வளர்ந்து கனக்கும்போது, அதன் அடியிலுள்ள கட்டை அழுகிக்கொண்டிருக்கும். அத்தகைய கிளை கோடைக் காற்றில் எளிதில் பெயர்ந்து விழும். நிழலில் இருந்த பட்டை திடீரென வெயிலுக்கு உட்பட்டு வெடிப்பதும் உண்டு.

உட்கிளைகளை எல்லாம் கழித்து நுனியில் மட்டும் தழையை விடுவதும், சுவரோரம் என்று ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுவதும் இத்தகைய தவறுகளே. முன்னதால் பாரம் நுனியில் சேர்ந்து கிளை முறிகிறது. பின்னதால் மரம் சமநிலை இழக்கிறது.

4. வேம்பும் தென்னையும்

வேம்பின் நுனிக்கிளைகள் கருகி உலர்வதைத் தென்னிந்தியாவில் பலவிடங்களில் காணலாம். இந்நோயை உண்டாக்கும் பூஞ்சணங்களுள் ஒன்றைப் புதிய இனமென மைசூர் ஆராய்ச்சியாளர்கள் 1997இல் விவரித்தனர். தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியாலும் இத்தகைய கருகல் நேரும். மழைக்காலத்திற்குப் பின் நுனிகள் கருகிய மரத்தைக் கண்டு, அது பட்டுவிட்டதெனத் தலையை வெட்டுவோர் பலர். அது தவறு. பெரும்பான்மையான மரங்கள் அடுத்த பருவத்தில் மீண்டும் துளிர்க்கின்றன. நோயுற்ற நுனிகளை மட்டும் வறண்ட நாளில் வெட்டி எரிப்பதே போதுமானது.

தென்னைக்குக் கிளையில்லை, உச்சியில் ஒரே குருத்துதான் உண்டு. பச்சை மட்டையை அடியோடு வெட்டினால் கசியும் சாற்றின் மணம் சிவப்புக் கூன்வண்டை ஈர்க்கும். அது இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்கள் தண்டைக் குடைந்து மரத்தையே கொல்ல வல்லவை. பச்சை மட்டையை வெட்டியே தீரவேண்டுமாயின், தண்டிலிருந்து 120 செ.மீ. அளவு அடிமட்டையை விட்டு வெட்டுதல் வேண்டும். முற்றி உலர்ந்த மட்டைகளை மட்டும் நீக்குவதே சிறந்தது.

5. வெட்டுபவருக்கு நேரும் அபாயம்

மரத்துக்கு வரும் கேட்டினும் மனிதருக்கு வரும் கேடு பெரிது. பச்சை மரம் ஈரமுள்ளது. மின்கம்பியைத் தொடும் கிளை வழியே மின்சாரம் பாயக்கூடும். இரும்புத் துறட்டியும் அலுமினிய ஏணியும் கம்பியருகே உயிருக்கு ஆபத்தானவை. கம்பியை ஒட்டிய கிளைகளை வீட்டுக்காரர் தொடலாகாது. ஹனூர்ப் பகுதியில் சாமுண்டேசுவரி மின் விநியோகக் கழகத்திற்கோ, 1912 என்னும் தொலைபேசி எண்ணிற்கோ தெரிவித்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்ட பின்னரே வேலை நடைபெறவேண்டும். முருங்கைக் கிளை எளிதில் முறியும். அதன்மேல் ஏறுதல் கூடாது. எம்மரத்திலும் தனியாக ஏறுவதும், கீழே ஆட்கள் நிற்க வெட்டுவதும் தவிர்க்கத்தக்கவை.

6. முறையான வெட்டு

கனத்த கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது தன் பாரத்தால் பட்டையை உரித்துக்கொண்டு விழும். ஆதலின் மூன்று வெட்டுகள் வேண்டும்.

(அ) அடிமரத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்கவும்.

(ஆ) அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழச்செய்யவும்.

(இ) எஞ்சிய கட்டையைக் கழுத்து மேட்டின் வெளி விளிம்பில் அறுத்து நீக்கவும்.

ஓராண்டில் தழைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது. முதிர்ந்த மரத்தில் இதனினும் குறைவாகவே நீக்கவேண்டும். அரிவாளைவிடக் கூரிய இரம்பமே ஏற்றது. மரம் இளமையாக இருக்கும்போதே குறுக்கிடும் சிறு கிளைகளை அகற்றிவந்தால், பிற்காலத்தில் பெரிய காயங்களுக்கு இடமிராது.

7. சட்டம்

1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மரத்தை வீழ்த்துதல் என்பதில் கிளைகளைக் கழித்தலும் அடங்கும். சில இனங்களுக்கு விலக்கு உண்டு. எனவே பெரிய அளவில் வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

ஆசிரியர்களுக்குச் செய்முறைக் குறிப்பு

முன்பு வெட்டப்பட்ட முருங்கை மரத்தில், தரையில் நின்றபடியே எட்டும் உயரத்தில், வெட்டுவாயில் எழுந்த பெருவிரல் பருமனுள்ள தளிரொன்றைக் கையால் கீழ்நோக்கி இழுக்கச் செய்க. அது எவ்வளவு எளிதில் பெயர்கிறதென மாணவர் தாமே அறிவர். பள்ளி வளாகத்து மரமொன்றில் பழைய வெட்டுவாயின் திறந்த பகுதியை நூலால் அளந்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை குறித்துவரச் செய்தால், மரம் காயத்தை மூடும் வேகம் விளங்கும்.

வினாக்கள்

1. மல்பெரிக்கு ஏற்ற வெட்டு வேம்புக்கு ஏலாதது ஏன்?

2. கழுத்து மேட்டை ஏன் வெட்டலாகாது?

3. தலை வெட்டப்பட்ட மரம் சில ஆண்டுகளுக்குப் பின் முன்னிலும் அபாயமாவது எவ்வாறு?

4. உங்கள் ஊரில் மின்கம்பியை ஒட்டி நிற்கும் மரங்கள் எவை? அவற்றைக் குறித்து யாருக்குத் தெரிவிக்கவேண்டும்?