பேனா நகரலையா? அரை வரியில் தொடங்குங்கள்!



கூட்டத்தில் பேசச் சொன்னால் நாம் ஒரு மணி நேரம்கூடப் பேசுவோம். அதையே எழுதிக் கொடுங்கள் என்றால் மட்டும் கை நின்றுவிடுகிறது. ஏன்?

ஒரு குழுவில் நடந்ததைப் பார்ப்போம். கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கிய ஒரு அக்காவிடம், செய்திமடலுக்கு எழுதித் தரச் சொன்னார் ஊக்குநர். அக்கா அரை மணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்கள் குழு சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது" என்று ஒரு வரி எழுதினார். அதற்கு மேல் வரவில்லை.

"எனக்கு என்ன தங்கச்சி எழுதத் தெரியும்? அஞ்சாவதோட நின்னவ" என்றார்.

"சரிக்கா, மாட்டைப் பிடிச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"அத ஏன் கேக்குற! வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னுடுச்சு. பல வருஷமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசாத மாமியா, ஒரு கை புல்லோட எந்திரிச்சு வந்தாங்க பாரு..."

"இப்பச் சொன்னதை அப்படியே எழுதுங்கக்கா."

அன்று அக்கா இரண்டு பக்கம் எழுதினார்.

அவருக்கு விஷயம் இல்லாமல் இல்லை. தொடங்க ஒரு பிடி இல்லாமல்தான் இருந்தது. சின்னக் கேள்வியோ அரை வரியோ அந்தப் பிடியைக் கொடுக்கும். கை நிற்பதற்கு இன்னொரு காரணம், தப்பு வந்துவிடுமோ என்ற பயம். நாற்று நடும்போதே களை எடுக்க முடியுமா? முதலில் எழுதுவோம், பிறகு திருத்துவோம்.

தொடங்கிவைக்கும் அரை வரிகள்

1. நான் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட நாள்...
2. என் சொந்தப் பணம் என் கைக்கு வந்தபோது...
3. எங்கள் ஊரில் விடிந்ததும் கேட்கும் சத்தம்...
4. அம்மாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி...

எப்படிச் செய்வது?

- ஒரு வரியை எடுத்து, 10 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். அடிக்க வேண்டாம், அழிக்க வேண்டாம். பேசுகிற மாதிரியே எழுதலாம்.
- நடுவில் நின்றுவிட்டால், "அப்புறம் என்ன நடந்துச்சுன்னா..." என்று எழுதித் தொடருங்கள்.
- பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு எந்த இடம் புரியவில்லையோ, அங்கே இன்னும் இரண்டு வரி சேருங்கள்.
- எழுத்துப் பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.
- எழுதத் தெரியாத உறுப்பினர் சொல்லட்டும், இன்னொருவர் எழுதட்டும். ஆனால் சொன்னவரின் வார்த்தையை மாற்றக் கூடாது.
- மனசுக்குள் வைத்துக்கொள்ள நினைப்பதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

மனுவுக்கும் இதே வழிதான்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருவில் பேசினால் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்தால்தான் "என்ன ஆச்சு?" என்று மறுபடி கேட்க முடியும். மனு எழுத உட்கார்ந்து கை நின்றால் இந்த நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எந்த இடம்? எப்போதிலிருந்து? யாருக்கு என்ன கஷ்டம்? என்ன செய்து தர வேண்டும்? கிராம சபையில் கொடுக்க மனு தயார். ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

ஒரு முன்னோடி

19-ஆம் நூற்றாண்டு வங்காளத்தில், பெண்கள் படிக்கக் கூடாது என்று இருந்த காலம். ராசசுந்தரி தேவி, புத்தகத்தின் ஒரு பக்கத்தை அடுப்படியில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டிக் கற்றார். அவர் எழுதிய தன்வரலாறு 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', அந்த நூற்றாண்டிலேயே வெளிவந்தது. அதில் இருப்பது ராஜா ராணி கதை இல்லை. சமையல், பிள்ளைகள், வேலை மிகுதியால் சாப்பிட நேரமில்லாமல் போன நாள், இவைதான். இன்றும் படிக்கிறார்கள்.

நம்மிடமும் அது எல்லாம் இருக்கிறதுதானே?

அடுத்த கூட்டத்தில்: சேமிப்பு வசூல் முடிந்ததும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு அரை வரி. எழுதியதில் ஒன்றை, எழுதியவர் சம்மதத்தோடு, நமது செய்திமடலுக்கு அனுப்புங்கள்.