‘நீங்கதானே முருகன்?’

சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியனாகப் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் பாதுகாப்புக்கான தலைமைப் பயிற்சியில் சேர்ந்தபோது, “படம் எடுக்கிறவனுக்கு இது எதுக்கு?” என்று துறைக்குள்ளேயே கேட்டார்கள். ஒரு மதிய நேரம்தான் என்னைச் சேர வைத்தது.

பட்டியலில் அடுத்த பெயர் முருகன். வீல்சேரில் வந்த பெரியவரிடம் புதுப் பையன் “நீங்கதானே முருகன்?” என்று கேட்டான். அவர் தலையாட்டினார். இன்ஜெக்டரில் கான்ட்ராஸ்ட் மருந்து தயார். குழாயை மாட்டப் போகும்போது, அவரைத் தள்ளிக்கொண்டு வந்த ஆயாம்மா வாசலில் இருந்தே, “தம்பி, இவரு கிட்னி வார்டு முருகன். மருந்து போடாமத்தான எடுக்கச் சொன்னாங்க?” என்றார். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 3.2. மருந்து போட வேண்டிய முருகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அன்று பையனைத் திட்டித் தீர்த்தேன். ஆயாம்மாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று எங்கும் பதிவும் செய்யவில்லை. மூன்றுமே தவறு என்பது பயிற்சியில்தான் உறைத்தது.

யார் செய்தது என்று தேடினால் பையன் கிடைப்பான். எப்படி நடந்தது என்று தேடியபோது வேறு விஷயங்கள் கிடைத்தன. நமக்கு இனிஷியல்தான், எம். முருகனும் கே. முருகனும் வாயால் கூப்பிடும்போது ஒரே ஆள். காது மந்தமான பெரியவர்கள், பயந்து வருகிறவர்கள், எதைக் கேட்டாலும் “ஆமா” என்பார்கள். இப்போது எங்கள் துறையில் பெயரை நாங்கள் சொல்வதில்லை. “உங்க பேரு? அப்பா பேரு? வயசு?” என்று கேட்டு, கைப்பட்டையில் உள்ள விவரங்களோடு ஒப்பிடுகிறோம். பேச முடியாதவர் என்றால் கைப்பட்டையைப் பார்த்து, உடன் வந்தவரையும் கேட்கிறோம். அரை நிமிடம்கூட ஆகாது.

எம்.ஆர்.ஐ. அறையிலும் கேள்வியை மாற்றினோம். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நடுராத்திரியிலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன நோயாளியின் உறவினர் உயிரிழந்தார். “உலோகம் ஏதாவது இருக்கா?” என்றால் நம் பெண்கள் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். “தாலிக்கயித்துல ஊக்கு மாட்டியிருக்கீங்களாம்மா?” என்று கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அரைஞாண் கயிறு, தாயத்து, ஹேர்பின் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

எனக்குக் கடினமாக இருந்தது படிவமோ பட்டியலோ அல்ல. அந்தப் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டதுதான். அதற்குப் பிறகுதான் அவன் தன் தவறுகளை என்னிடம் வந்து சொல்ல ஆரம்பித்தான். இப்போது எங்கள் துறையில் சந்தேகம் வந்தால் துப்புரவுப் பணியாளர்கூட “நிறுத்துங்க” என்று சொல்லலாம். சொன்னால், டாக்டரே பக்கத்தில் இருந்தாலும் ஸ்கேன் நிற்கும். இந்த விதிக்கு ஒப்புதல் வாங்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

2024 செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட பொருள் நோயறிதல். அன்று எங்கள் கூட்டத்தில் முதலில் பேசியவர் அந்த ஆயாம்மா.

ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “நீங்கதானே?” என்று யார் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டாதீர்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், எந்த இடத்தில் ஸ்கேன், கிட்னிக் கோளாறோ கர்ப்பமோ உண்டா என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.