சிறகொடிந்த பருந்துக்கும் இரக்கம்

முன்னுரை

புறாவைக் காக்கத் தன் தசையையே அரிந்து தந்த சிபி மன்னனின் கதையைச் சிறு வயது முதல் நாம் கேட்டு வருகிறோம். கதையைச் சொல்லும்போது புறாவை நினைக்கும் நாம், பருந்தை மறந்து விடுகிறோம். அடைக்கலம் புகுந்த புறாவைக் காத்த மன்னன், பசித்து வந்த பருந்தையும் விரட்டி விடவில்லை. அதன் பசியும் நியாயமே என்று கண்டு தன் தசையைத் தந்தான். அடிபட்டு விழும் பருந்துக்கு இந்நாளில் அத்தகைய இரக்கம் கிடைக்கிறதா எனக் காண்போம்.

வானத்துத் துப்புரவாளர்

புதுவைக் கடலோரத்தில் வெண்தலையும் செந்நிற உடலும் கொண்ட செம்பருந்தைக் காணலாம். இதையே நம் மக்கள் கருடன் என்பர். பிளவுபட்ட வாலுடையது கரும்பருந்து. செத்த மீன், எலி, இறைச்சிக் கழிவு முதலியவற்றைத் தின்று இவை ஊரைத் தூய்மை செய்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத கத்தி

பட்டம் விடுவோர் போட்டியில் வெல்வதற்காகக் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலைப் பயன்படுத்துகின்றனர். அறுந்த நூல் மரத்திலும் மின்கம்பியிலும் தொங்கும். பறந்து வரும் பறவைக்கு அது தெரிவதில்லை. சிக்கியபின் திமிறத் திமிற, நூல் தோலையும் தசைநாரையும் அறுத்து எலும்பு வரை செல்லும். நைலான் மாஞ்சா எளிதில் மக்குவதுமில்லை. 2017ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை நாடெங்கும் தடை செய்தது.

டில்லிச் சகோதரர்

டில்லியில் ஆகஸ்டு 15ஐ ஒட்டிப் பட்டங்கள் மிகுதி. காயம்படும் பருந்துகளும் மிகுதி. அங்கு நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்னும் சகோதரர், இளமையில் காயமுற்ற பருந்தொன்றைப் பறவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். ஊன் உண்ணும் பறவை என்பதால் அங்கு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உடற்பயிற்சியில் தசைகளைப் பற்றி அறிந்திருந்த அவர்கள், பின்னர்த் தாமே மருத்துவம் செய்யத் தொடங்கினர். 2010இல் 'வைல்டுலைஃப் ரெஸ்க்யூ' என்னும் அமைப்பை நிறுவினர். இதுவரை 20,000க்கும் மேற்பட்ட பறவைகளுக்கு உதவியுள்ளனர். அவர்களைப் பற்றிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

குணமாவது எப்போது?

காயத்தைக் கழுவித் தைத்து, சிறகைக் கட்டி, சிறு கூண்டில் ஓய்வளிப்பது முதற்படி. பிறகு பெரிய கூண்டில் சிறகடித்துப் பழக விடுவர். புண் ஆறினால் மட்டும் போதாது. வானில் வட்டமிட்டுத் தானே இரை தேடும் வலிமை வரவேண்டும். மனிதர் கையை எதிர்பார்க்கும் பருந்து வெளியே பிழைப்பது அரிது. ஆகவே அதைக் கொஞ்சி வளர்க்காமல், குணமானதும் விட்டுவிடுவதே மெய்யான அன்பு.

நம் கடமை

அடிபட்ட பருந்தைக் கண்டால் உடனே பெரியவர்களை அழைக்க வேண்டும். அதன் நகங்கள் கூர்மையானவை, வெறுங்கையால் தொடலாகாது. தடித்த துணியைத் தலைமீது போர்த்தி, காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் வைத்தால் இருளில் அமைதியடையும். சிக்கிய நூலைப் பிடித்து இழுத்தல் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சோறோ பாலோ புகட்டவும் கூடாது. தாமதமின்றி வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பருந்தை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும்.

முடிவுரை

சிட்டுக்குருவி ஒன்றுகூடத் தந்தையின் விருப்பமின்றித் தரையில் விழுவதில்லை என்றார் நம் ஆண்டவர். ஒவ்வோர் உயிரும் தன்னளவிலேயே மதிப்புடையது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் உணர்த்துகிறது. அழகிய புறாவுக்கு இரங்குவது எளிது. அஞ்சத்தக்க அலகுடைய பருந்துக்கும் இரங்கக் கற்போம். மாஞ்சா நூலை வாங்க வேண்டாமென்று தம்பிமாரிடம் சொல்வோம். மரத்தில் கைக்கெட்டும் நூலை அகற்றுவோம். இவை இன்றே நம்மால் இயலும்.