பற்றறியா, ஆல்ரனேற்றரா?

காலையில் உழவு இயந்திரம் ஸ்ராட் ஆகாவிட்டால் பழி முதலில் பற்றறி மீதே விழும். விதைநெல்லுக்கு வைத்த காசு புதுப் பற்றறிக்குப் போய்விடும். ஆனால் இயந்திரம் ஓடும்போது பற்றறியை ஏற்றுவது ஆல்ரனேற்றர். கோளாறு அதில் இருந்தால் புதுப் பற்றறியும் சில நாளில் இறங்கிவிடும். ஆகவே வாங்குமுன் சோதிப்போம்.

முதலில் இயந்திரத்தை நிறுத்தி, பற்றறி முனைகளில் உள்ள படிவைச் சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். பெல்ற் தளர்ந்திருந்தால் சரிசெய்யுங்கள். பின்னர் மல்ற்றிமீற்றரால் அளந்து பாருங்கள்.

1. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ற்றுப் பற்றறி 12.6 காட்டினால் நிறைந்துள்ளது; 12.2 என்றால் ஏறத்தாழ அரைவாசி. 12க்குக் கீழென்றால் ஏற்ற வேண்டும்.

2. இயந்திரத்தை ஓடவிட்டு வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்ரனேற்றர் வேலை செய்கிறது. எண் உயராவிட்டால் ஆல்ரனேற்றரிலோ அதன் வயரிலோ கோளாறு. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. பற்றறி நீர் வற்றிவிடும்.

3. ஏற்றம் சரியாக இருந்தும் காலையில் இறங்கிவிடுகிறதா? நன்கு ஏற்றிய பற்றறியின் எதிர்முனையை இரவில் கழற்றி வையுங்கள். காலையில் 12.6 அளவில் நின்றால் வயரிலோ சுவிச்சிலோ மின் கசிகிறது. அப்போதும் இறங்கினால் பற்றறிதான் பழுது.

மீற்றர் இல்லாதவர்கள் இருட்டில் லைற்றைப் போட்டு, இயந்திர வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். வெளிச்சம் கூடாவிட்டால் ஏற்றம் நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

கவனம்: இயந்திரம் ஓடும்போது பற்றறி முனையைக் கழற்றாதீர்கள், ஆல்ரனேற்றரின் டயோட்டுகள் எரிந்துபோகலாம். பற்றறிக்கு அருகில் பீடியோ தீக்குச்சியோ ஆகாது. அதிலிருந்து வரும் ஐதரசன் வாயு வெடிக்கும். கிணற்று நீர் ஊற்றாதீர்கள். வடித்த நீரே ஊற்றுங்கள். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

மூன்று சோதனைகளும் முடிந்த பின்பே கடைக்குப் போங்கள்.