வீட்டுப் பூனைக்கும் தடுப்பூசி தேவை

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். தனியாக வசிக்கும் மூத்தோர் பலருக்குப் பூனை நல்ல துணையாக இருக்கிறது. ஆனால், "என் பூனை வாசலைத் தாண்டுவதே இல்லை. அதற்கு எதற்கு ஊசி?" என்று கேட்போரும் உண்டு.

பூனை வெளியே போகாவிட்டாலும் கிருமி உள்ளே வந்துவிடும். நம் காலணியிலும் கைகளிலும் ஒட்டிக்கொண்டு வரலாம். புதிதாக வாங்கிவரும் குட்டியின் உடலிலும் இருக்கலாம். பூனைகளுக்கு வரும் வைரஸ் நோய்கள் பலவற்றுக்கு, கிருமியை நேரடியாக அழிக்கும் மருந்து இல்லை. எனவே நோய் வருமுன் தடுப்பூசி போடுவதும், வந்துவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுவதும் முக்கியம்.

தெரிந்துகொள்ள வேண்டிய நோய்கள்

பான்லூக்கோபீனியா: இது குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய நோய். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை அறிகுறிகள். இக்கிருமி குடலைத் தாக்குவதுடன், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. தரையிலும் பொருள்களிலும் இது ஓராண்டு வரைகூட உயிருடன் இருக்கலாம்.

பூனைச் சளிக்காய்ச்சல்: ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களே பெரும்பாலும் இதற்குக் காரணம். தும்மல், மூக்கு ஒழுகுதல், கண்ணில் பீளை, வாய்ப்புண் ஆகியவை ஏற்படும். மூக்கு அடைத்தால் பூனைக்கு உணவின் வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் அது சாப்பிடாது. ஹெர்பிஸ் கிருமி உடலில் வாழ்நாள் முழுவதும் தங்கியிருந்து, பூனை மனஅழுத்தத்திற்கு உள்ளாகும்போது மீண்டும் தலைகாட்டலாம்.

பூனை லுகேமியா, எஃப்.ஐ.வி.: இரண்டும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. லுகேமியா கிருமி உமிழ்நீர் வழியாகப் பரவும். ஒன்றையொன்று நக்குவதும் ஒரே கிண்ணத்தில் உண்பதும் போதும். எஃப்.ஐ.வி. பெரும்பாலும் சண்டையில் ஏற்படும் ஆழமான கடியால் பரவும். எஃப்.ஐ.வி. உள்ள பூனையும் நல்ல பராமரிப்புடன் பல ஆண்டுகள் வாழலாம்.

எஃப்.ஐ.பி.: பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடலில் உருமாறுவதால் வருவது. கொவிட்-19 கிருமி வேறு, இது வேறு. முன்பு இந்நோய் வந்த பூனைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இப்போது வைரஸ் எதிர்ப்பு மருந்துகளால் பல பூனைகள் குணமடைகின்றன. வயிறு உப்புவதும் விடாத காய்ச்சலும் எடை குறைவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதும் வழக்கமான உணவைத் தொடாமல் விடுவதுமே முதல் அடையாளங்களாக இருக்கலாம். பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்:

• ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை
• குட்டி வாந்தி எடுக்கிறது அல்லது அதற்கு வயிற்றுப்போக்கு உள்ளது
• வாயைத் திறந்து மூச்சு விடுகிறது
• கண்ணைத் திறக்க முடியவில்லை
• எழுந்து நடக்கவில்லை

புறப்படுமுன் மருந்தகத்திற்குத் தொலைபேசியில் அறிகுறிகளைச் சொல்லுங்கள். மற்ற பூனைகளுக்குத் தொற்றாதபடி அவர்கள் தனி இடம் ஏற்பாடு செய்வார்கள். ஏறக்குறைய எவ்வளவு செலவாகும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவர் நரம்பு வழியாக நீர்ச்சத்து ஏற்றுவார். வாந்தியை நிறுத்தவும் வலியைக் குறைக்கவும் மருந்து கொடுப்பார். வேறு கிருமிகள் சேராமலிருக்க ஆண்டிபயாட்டிக் தரலாம். பூனையின் உடலே வைரஸை எதிர்த்து வெல்லும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பதே இந்தச் சிகிச்சை. தாமதமானால், தாங்கும் வலிமை உடலில் இருக்காது.

பனடோல் கொடுக்காதீர்கள்

காய்ச்சல் என்றதும் நம் மருந்துப் பெட்டியைத் திறப்பது இயல்பு. ஆனால் பனடோலில் உள்ள பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கலாம். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடும். கால் மாத்திரை, அரை மாத்திரை என்று உடைத்தும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், உங்கள் தைலம் எதையும் பூனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இந்த நோய்கள் எனக்குத் தொற்றுமா?

தொற்றாது. மேலே சொன்ன வைரஸ்கள் மனிதர்களுக்கு நோய் உண்டாக்குவதில்லை. பயந்து பூனையைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் பூனை கடித்தால் அதன் வாயிலுள்ள பாக்டீரியாவால் புண் சீழ்பிடிக்கலாம். உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கடியையும் அலட்சியப்படுத்தக்கூடாது.

தடுப்பூசி எப்போது?

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போடலாம். பிறகு 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒரே ஊசியுடன் நிறுத்தினால் போதிய பாதுகாப்புக் கிடைக்காமல் போகலாம். அடிப்படைத் தடுப்பூசி பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்றுக்கும் எதிரானது. சளிக்காய்ச்சலை அது முற்றிலும் தடுக்காவிட்டாலும் கடுமையைக் குறைக்கும். வளர்ந்த பூனைக்கு அடுத்த ஊசி எப்போது, லுகேமியா தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் சொல்வார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வெளியில் பூனைகளைத் தொட்டால் அல்லது அவற்றுக்கு உணவளித்தால், வீட்டுப் பூனையைத் தொடுமுன் கைகழுவுங்கள். காலணியை வாசலிலேயே விடுங்கள்.
• புதிய பூனையை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். லுகேமியா, எஃப்.ஐ.வி. பரிசோதனை செய்யுங்கள்.
• சன்னல்களுக்கு வலை போடுங்கள். கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும்.
• பான்லூக்கோபீனியா வந்த வீட்டில், முதலில் சவர்க்காரத்தால் தரையைக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி பிளீச் கலந்து, 10 நிமிடம் ஈரமாக வைத்து, நீரால் அலசுங்கள். காயும்வரை பூனையை அங்கே விடாதீர்கள். பிளீச்சுடன் வேறு எதையும் கலக்காதீர்கள்.

உங்கள் பூனையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றாலும், கடைசித் தேதி நினைவில் இல்லையென்றாலும், கால்நடை மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.