அமெரிக்காவில் சளி மாத்திரை வாங்கும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஊரில் மூக்கடைத்தால் தெருமுனை மெடிக்கலில் "சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் அப்பா அம்மாவும், படிக்க வரும் மாணவர்களும் அதே பழக்கத்தில் கடைக்கு வருகிறார்கள். அடையாள அட்டை, முகவரி, கையெழுத்து என்று கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. நான் இங்கே ஒரு மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். கோவையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, மூக்கு ஒழுகறதுக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு? என்னையப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று கேட்டார். "உங்களை மட்டும் இல்லைங்கப்பா, யார் வந்தாலும் கேட்கத்தான் செய்யணும்" என்று சொன்னேன். பின்னால் வரிசை நின்றதால் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கடைப்பை இளக்கும் சூடோஎஃபெட்ரினும் மெத்தம்ஃபெட்டமின் என்ற கொடிய போதைப்பொருளும் வேதியியலில் மிக நெருங்கிய உறவு. தொண்ணூறுகளிலும் 2000களின் தொடக்கத்திலும் சளி மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுச் சமையலறையிலும் விடுதி அறையிலும் கார் டிக்கியிலும் மெத் காய்ச்சினார்கள். அப்படிக் காய்ச்சிய வீடுகள் தீப்பிடித்தன. பக்கத்து அறையில் தூங்கிய குழந்தைகள் நச்சுப்புகையைச் சுவாசித்தார்கள். 2003 டிசம்பரில் ஓக்லஹோமாவில் மெத் காய்ச்சும் ஒருவன் நெடுஞ்சாலைக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் இந்த மாத்திரைகளைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்து கவுன்ட்டருக்குப் பின்னால் வைத்தது. நாட்டில் அந்த முதல் அடியை வைத்தது ஓக்லஹோமாதான். 2006 மார்ச்சில் நாடு முழுமைக்குமான சட்டம் கையெழுத்தாகி, அதே ஆண்டு செப்டம்பர் 30 முதல் எல்லாக் கடைகளிலும் பதிவேடு வந்தது.

இந்தச் சட்டம் தேவையானது என்பதே என் கருத்து. 2004ல் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டு ஆய்வகச் சம்பவங்கள் கணக்கில் வந்தன. கட்டுப்பாட்டுக்குப் பிறகு 2007 வரை அந்த எண்ணிக்கை வேகமாக இறங்கியது. ஆட்களைக் கூலிக்குப் பிடித்துக் கடை கடையாக வாங்க வைக்கும் தந்திரம் பரவியதும் மறுபடி ஏறியது. இன்று அமெரிக்கத் தெருக்களில் விற்கும் மெத் பெரும்பாலும் மெக்சிகோ கும்பல்கள் வேறு ரசாயனங்களிலிருந்து செய்து கடத்துவது. போதையை இந்தச் சட்டம் ஒழித்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குழந்தை தூங்கும் வீட்டுக்குள் அடுப்பு எரிவது குறைந்தது. அதற்காக ஒரு கையெழுத்துப் போடுவதில் எனக்கு வருத்தமில்லை.

செய்ய வேண்டியவை

பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். முன்பக்கத்தில் பெயரும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். அலமாரியில் கைக்கு எட்டும் 'சுடாஃபெட் பி.ஈ.' வேறு, கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் 'சுடாஃபெட்' வேறு. முதலாவதில் இருப்பது ஃபெனைலெஃப்ரின், இரண்டாவதில் இருப்பது சூடோஎஃபெட்ரின். சட்டம் வரும் என்று தெரிந்ததுமே கம்பெனிகள் ஃபெனைலெஃப்ரினை அலமாரியில் நிரப்பிவிட்டன. வாங்க எளிது, கேள்வி கிடையாது. ஆனால் வாய்வழியாக விழுங்கினால் அதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுகிறது, மூக்குக்குப் போய்ச் சேர்வது சொற்பம். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஹெண்டெலஸ், ராண்டி ஹட்டன் ஆகிய மருந்தியல் பேராசிரியர்கள் 2007லிருந்தே இதை எடுத்துச் சொல்லி அரசுக்கு மனுப் போட்டார்கள். 2023 செப்டம்பரில்தான் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, வாய்வழி ஃபெனைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று 16 பேரும் ஒருமித்து வாக்களித்தது. 2024 நவம்பரில் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. முன்மொழிவு வந்த கையோடு அலமாரி காலியாகிவிடாது. ஆகவே படித்துப் பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு. பலனளிக்காத மாத்திரையை இத்தனை ஆண்டு மக்கள் தலையில் கட்டியதுதான் இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம். கையெழுத்து கேட்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. (மூக்கில் அடிக்கும் ஃபெனைலெஃப்ரின் ஸ்ப்ரே வேறு விஷயம். அந்தத் தீர்ப்பு விழுங்கும் மருந்துக்கு மட்டும்தான்.)

'கிளாரிட்டின்-டி', 'ஸிர்டெக்-டி', 'அலெக்ரா-டி' என்று பெயரின் வாலில் 'டி' ஒட்டியிருக்கும் அலர்ஜி மாத்திரைகளிலும் சூடோஎஃபெட்ரின் உண்டு. அவற்றுக்கும் இதே விதிதான். அலமாரியில் அவற்றுக்குப் பதிலாக ஒரு சிறு அட்டை தொங்கும். அந்த அட்டையை எடுத்து கவுன்ட்டரில் கொடுத்தால் போதும், பெயர் சொல்லத் திணற வேண்டாம்.

சரியான அடையாள அட்டையோடு வாருங்கள். மாநில அரசு கொடுத்த ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ இருந்தால் சிக்கலே இல்லை. ஆதார் அட்டை செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்டைச் சில கடைகள் எடுத்துக்கொள்ளும், சில கடைகளில் நடக்காது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோரை அலைய விடுவதற்கு முன் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பல மாநிலங்களில் வாங்குபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

கவுன்ட்டர் திறந்திருக்கும் நேரம் பாருங்கள். கடை இரவெல்லாம் திறந்திருக்கலாம், மருந்து கவுன்ட்டர் இருக்காது. பல சங்கிலிக் கடைகளில் மதியச் சாப்பாட்டுக்கும் அரைமணி நேரம் ஷட்டர் இறங்கும்.

யார் சாப்பிடுகிறார்களோ அவர் பெயரிலேயே வாங்குங்கள். இந்தக் கணக்கு புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மத்திய சட்டப்படி ஒரு நாளில் ஒருவருக்கு 3.6 கிராம் வரைதான் விற்கலாம், 30 நாளில் ஒருவர் 9 கிராம் வரைதான் வாங்கலாம். மருந்தோடு சேர்ந்திருக்கும் உப்பின் எடையைக் கழித்துவிட்டு 30 மில்லிகிராம் மாத்திரையில் சொன்னால் நாளுக்கு 146, முப்பது நாளுக்கு 366. பெரியவர்களுக்கான அதிகபட்ச அளவு நாளுக்கு 240 மில்லிகிராம், அதாவது எட்டு மாத்திரை. மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாலும் 240 மாத்திரைதான் ஆகும், வரம்புக்குள் நிற்கிறது. ஆனால் வசந்தகால மகரந்த அலர்ஜியில் கணவன் மனைவி இருவரும் அவதிப்பட்டு, இருவருக்கும் கணவர் பெயரிலேயே வாங்கினால் 480 ஆகி, இருபத்து மூன்றாம் நாளே கதவு அடைபடும். சில மாநிலங்களில் வரம்பு 9 கிராமுக்கும் குறைவு, அங்கே இன்னும் முன்னாலேயே. மனைவிக்கானதை மனைவியே வந்து வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை.

நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளைப் பார்மசிஸ்டிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் கேட்காமல் சூடோஎஃபெட்ரினைத் தொடாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் இந்தப் பட்டியலுக்குள் வராதவர்கள் குறைவு. முன்சொன்ன கோவைப் பெரியவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. பார்மசிஸ்ட் விசாரித்துவிட்டு, உப்புநீர் ஸ்ப்ரேயைக் கையில் கொடுத்து அனுப்பினார். அலமாரியிலிருந்து தானே எடுத்திருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் கவுன்ட்டருக்கு வர வேண்டியிருப்பதை நான் தொல்லையாக நினைப்பதில்லை.

இயந்திரம் மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். பல மாநிலங்களில் கடைகள் எல்லாம் ஒரே கணினிப் பதிவில் இணைந்திருக்கின்றன. வரம்பு தாண்டியதும் திரை தடுத்துவிடும், விற்பவர் கையில் ஒன்றும் இல்லை. எத்தனை நாள் கழித்து வரலாம், அதுவரை வேறு என்ன பயன்படுத்தலாம் என்று கேட்டால் சொல்வார்கள். அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் அலமாரியிலேயே கிடைக்கின்றன, பலருக்கு மாத்திரையைவிட அவையே நல்லது. ஆக்ஸிமெட்டசோலின் ஸ்ப்ரேயாக இருந்தால் மட்டும் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். அதையே நம்பினால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் இருமல் மருந்தை எண்ணி வையுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தைப் பதின்ம வயதினர் போதைக்காகக் குடிப்பது இங்கே பழைய பிரச்சினை. 2012ல் கலிஃபோர்னியா முதலில் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடை போட்டது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கடையில் தடை இருந்து, வீட்டு அலமாரியில் மூன்று பாட்டில் திறந்து கிடந்தால் என்ன பயன்? பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் பிள்ளையிடம் கத்தாமல் பேசுங்கள்.

செய்யக்கூடாதவை

அடுத்தவருக்காக வாங்கித் தராதீர்கள். மாணவர்களே, இது உங்களுக்கு. கடை வாசலில், பஸ் நிறுத்தத்தில், சில சமயம் வேலையிடத்தில் ஒருவர் நட்பாகப் பேசி, "ஐடி மறந்துட்டேன், ஒரு பெட்டி வாங்கிக் கொடு, மிச்சத்தை நீயே வச்சுக்கோ" என்று பணத்தை நீட்டலாம். கூலிக்கு ஆள் பிடிப்பது இப்படித்தான். பெட்டி அவர் கைக்குப் போகும், பதிவேட்டில் உங்கள் பெயரும் முகவரியும் கையெழுத்தும் நேரமும் நிற்கும். கடைகள் அந்தப் பதிவை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் பெயர் வந்தால் படிப்பு, விசா எல்லாமே ஆட்டம் காணும். அறைத்தோழனுக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்றால் சூப் வைத்துக் கொடுங்கள், சூடோஎஃபெட்ரின் இல்லாத மருந்தை வாங்கிக் கொடுங்கள்.

பதிவேட்டில் பொய் எழுதாதீர்கள். பழைய முகவரி, நண்பனின் பெயர், சும்மா ஒரு கிறுக்கல் எதுவும் வேண்டாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம் என்று பதிவேட்டிலேயே எச்சரிக்கை இருக்கும்.

வரம்பைத் தாண்டக் கடை மாறாதீர்கள், பக்கத்து மாநிலத்துக்கு வண்டி விடவும் வேண்டாம். பெரிய குடும்பம், ஊருக்குப் போகும்போது எல்லாருக்கும் வாங்கிப் போகலாம் என்ற நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். கணினிக்கு எண்ணம் தெரியாது.

பழைய தகவலை வைத்து வாதாடாதீர்கள். ஒரேகானில் 2006 முதலும் மிசிசிப்பியில் 2010 முதலும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் இந்த மாத்திரை. 2022 தொடக்கத்தில் இரண்டு மாநிலங்களும் அதைக் கைவிட்டன. நியூசிலாந்து 2011ல் சீட்டில்லா விற்பனையை மொத்தமாக நிறுத்தியது, 2024ல் மருந்துக்கடைகளுக்கு மறுபடி அனுமதித்தது. விதிகள் இப்படி மாறிக்கொண்டிருப்பவை. "போன தடவை வந்தப்போ கொடுத்தாங்களே" என்பது கவுன்ட்டரில் எடுபடாது.

ஊர் மாத்திரையையும் இங்கத்திய மாத்திரையையும் சேர்த்து விழுங்காதீர்கள். நம் ஊர்ச் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்தே வருகிறது. இங்கே டைலனால் என்பதும் அதேதான், அட்டையில் அசிட்டமினோஃபென் என்றிருக்கும். இரண்டும், ராத்திரிக்கு ஒரு மூடி இருமல் மருந்தும் என்று போனால் பாதிக்கப்படுவது கல்லீரல். ஃபெனைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்த ஊர் சிரப்பைப் பேரக்குழந்தைக்கு என்று பெட்டியில் வைத்து எடுத்து வராதீர்கள். நான்கு வயதுக்குட்பட்டோருக்கு அந்தக் கலவையைக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே உத்தரவிட்டிருக்கிறது. கோடீன் கலந்த இருமல் சிரப்பும் சூட்கேஸில் வேண்டாம். அது ஊரிலேயே டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து.

இங்கே வாங்கியதை எல்லா நாட்டுக்கும் கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் டோக்கியோவில் இரண்டு நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பவர்கள் இப்போது நிறைய. சூடோஎஃபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள எந்த மருந்தையும் ஜப்பானுக்குள் கொண்டு போகக் கூடாது, சாதாரண சுடாஃபெட்டும் அதில் அடக்கம். மெக்சிகோவிலும் தடை. அங்குள்ள கான்கூனுக்குப் போகும் குடும்பங்கள் கைப்பையில் மருந்து வைக்கும் சின்னப் பையை முந்தின இரவே திறந்து பார்த்து, 'டி' வால் உள்ள அட்டைகளை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.